இடது காலுக்கு ஒரு சீட்

சனிக்கிழமை, காலை 7.10. இரும்புலியூர் பஸ் ஸ்டாப்.

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பஸ் வருவதற்குள் எங்க வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார். "இதுக்காக நாவலூர் வரைக்கும் போகணுமா? சீட்தான் பணம் கட்டி எடுத்தாச்சே!" போய்த்தான் ஆகணும் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் சீட் கவர் கடை நடத்துகிறவள் நான். பத்தரை மணி நேரம் விமானத்தில் உட்காரப்போகிற சீட்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காமல் ஏறச் சொன்னால் எப்படி? கம்ப்யூட்டரில் பார்த்தால் அது வெறும் கட்டம். கட்டத்தின் மேல் யாராவது உட்கார முடியுமா?

விஷயம் இதுதான். என் இடது முட்டி மடங்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெருங்களத்தூரில் ஸ்கூட்டியை ஒரு லாரி உரசியது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் வளையமாட்டேன் என்கிறது. நடப்பேன், படி ஏறுவேன், நாள் முழுக்கக் கடையில் நிற்பேன். மடக்கி உட்கார மட்டும் ஆகாது. விமானத்தில் போகலாமா என்று எலும்பு டாக்டரைக் கேட்டபோது, "இடது காலை நீட்டி வைக்க இடம் இருந்தா போங்க. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. இடம் இல்லேன்னா ஏறாதீங்க, ரத்தம் கட்டிக்கும்" என்று கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

போக வேண்டியது ஹாம்பர்க். என் ஒரே மகள் நித்யாவுக்கு அங்கே தலைப் பிரசவம். எங்கள் வழக்கத்தில் முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். அவள் இங்கே வர முடியாத நிலைமை. அப்படியானால் அம்மா வீடுதான் அங்கே கிளம்ப வேண்டும், வேறென்ன? அவளோ போனில் தினமும் ஒரே பாட்டு. "வேணாம்மா. இங்க எல்லா வசதியும் இருக்கு. அந்தக் காலை வச்சுக்கிட்டு நீ ஏன் கஷ்டப்படறே?" மாப்பிள்ளையும் அதையே மரியாதையாகச் சொல்வார். நான் டிக்கெட் போட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் சொன்னேன்.

பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாத பஸ், ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை. எனக்கு எப்போதும் டிரைவர் பக்க வரிசையில் நடைபாதை ஓரம்தான். அங்கே உட்கார்ந்தால் இடது கால் தாராளமாக வெளியே நீளும். கண்டக்டர் வந்து நின்றார். "யக்கா, காலைக் கொஞ்சம் இஸ்துக்கோ."

"இஸ்துக்க முடியாதுப்பா. உள்ள பிளேட் கீது."

"ஐயய்யோ, அப்ப இருக்கட்டும், இருக்கட்டும்" என்று வேட்டியைத் தூக்குகிறவர் மாதிரி பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். கேளம்பாக்கம் போவதற்குள் எப்படியும் பத்து தடவை தாண்டியிருப்பார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

வண்டலூரில் உயிரியல் பூங்காவைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் கேளம்பாக்கம் சாலை, பதினெட்டு கிலோமீட்டர். கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று வழி முழுக்க அடுக்குமாடி விளம்பரம். பலகையில் எல்லாரும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

காலை 8.30. கேளம்பாக்கம்.

இங்கிருந்து நாவலூருக்கு ஒன்பது கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் என் கால் அடங்காது. தனி ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார்.

"எனக்கு எவ்வளவு, என் காலுக்கு எவ்வளவு, தனித்தனியா சொல்லுங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். "இருநூத்தி இருபது குடும்மா. கால் ஃப்ரீ." பின் சீட்டில் குறுக்காகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி பழைய மகாபலிபுரம் ரோட்டில் போனேன்.

நாவலூரில் நான் பார்க்கப் போனது ஷாலினியை. போன வருஷம் தன் காருக்குச் சீட் கவர் போட எங்கள் கடைக்கு வந்த பெண். அவளுக்கு அங்கே ஓர் ஆபீஸில் வேலை. விமானத்துக்குள் சீட்டு எங்கே, சமையல் மூலை எங்கே, கழிப்பறை எங்கே என்று வரைபடம் போடுகிற வேலை. அதைக் கேட்ட அன்றே அவளிடம் நான் நம்பர் வாங்கிவைத்துக்கொண்டேன். அவள் வீட்டு ஒன்பதாவது மாடி பால்கனியில் ஒரு பொக்கிஷம் இருந்தது. பிரித்துப்போட்ட பழைய விமானத்திலிருந்து ஏலத்தில் எடுத்த நிஜமான இரட்டைச் சீட்! அதில் உட்கார்ந்துதான் காபி குடிப்பாளாம்.

நான் உட்காருவதற்கு முன் அழுத்திப் பார்த்தேன். ஃபோம் இரண்டு அங்குலம்தான். கவர் தையல் இல்லாமல் ஒட்டுப் பட்டையில் நிற்கிறது, அழுக்கானால் ஒரு நிமிஷத்தில் உரித்து மாற்றலாம். கையிலிருந்த இன்ச் டேப்பை எடுத்தேன். கைப்பிடிக்குக் கைப்பிடி பதினெட்டு அங்குலம். எங்கள் கடை ஸ்டூல் இதைவிட அகலம்.

"எந்த சீட் எடுத்திருக்கீங்க ஆன்ட்டி?"

"31C. உள்ளே ரெண்டு, நாலு, ரெண்டுன்னு வரிசை. A ஜன்னல், B கிடையாது, C நடைபாதை ஓரம். இடது காலை நல்லா நீட்டிக்கலாம்" என்றேன் பெருமையாக.

ஷாலினி என்னை அந்த இரட்டைச் சீட்டின் வலது பாதியில் உட்கார வைத்தாள். "விமானத்தோட மூக்கு உங்களுக்கு முன்னாடி, அந்த லிஃப்ட் பக்கம். இப்ப உங்க இடது கைப் பக்கம் யாரு?"

பார்த்தேன். பக்கத்துச் சீட்டு. அதற்கு அப்பால்தான் ஜன்னல் வரும்.

"நடைபாதை?"

வலது பக்கம்.

அந்த 31C-யை நானும் எங்க வீட்டுக்காரரும் மூன்று ராத்திரி உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தோம். தப்பு எங்கே என்று யோசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தொழிலில் சீட்டை எதிரே நின்றுதான் பார்ப்போம். கவர் மாட்டுகிறவனுக்கு எது இடதோ அதுதான் இடது. பில்லில், பேட்டர்னில், கட்டிங் மேசையில் எல்லாம் அப்படித்தான். விமானத்தின் சீட் படத்தைப் பிரிண்ட் எடுத்ததும் வழக்கம் போல மூக்கு எங்கள் பக்கம் இருக்கும்படி மேசையில் போட்டுப் பார்த்திருக்கிறோம். உட்காருகிறவளின் இடது கால் எங்கே போகும் என்று நினைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு சரியான பக்கம் போய் உட்காருகிற நான்! இருபத்திரண்டு வருஷ அனுபவம் இப்படி மானத்தை வாங்கும் என்று யார் கண்டது?

"அழாதீங்க ஆன்ட்டி" என்றாள் ஷாலினி. நான் அழவில்லை, கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது, அவ்வளவுதான். "உங்களுக்கு நடு நாலுல முதல் சீட் D, இல்லேன்னா வலது ரெண்டுல முதல் சீட் H. அது ரெண்டுக்கும்தான் இடது பக்கம் நடைபாதை."

அவசர வழிக் கதவுக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருக்குமே என்று கேட்டேன். அங்கே உட்காருகிறவர் ஆபத்து வந்தால் முதலில் எழுந்து கதவைத் திறக்க வேண்டும், மடங்காத காலுக்கு அந்தச் சீட்டைத் தரமாட்டார்கள் என்றாள். நியாயம்தான். லேப்டாப்பில் தேடினாள். எல்லா D-யும் போயிருந்தது. கடைசியில் கழிப்பறைக்கு முன்னால் ஒரே ஒரு 37H. கூடுதலாக ரூ.2,350. நாற்றமடித்தாலும் பரவாயில்லை, போடும்மா என்றேன்.

கிளம்பும்போது அவள் போனில் இரண்டு படம் காட்டினாள். ஒன்று நான் போகிற வகை விமானம். றெக்கையின் நுனி மேல் நோக்கி மடிந்து நிற்கிறது. றெக்கைக்குக் கீழே இருக்கிற காற்று நுனி வழியாகச் சுருண்டு மேலே ஏறப் பார்க்குமாம், அதில் விமானத்தின் பலம் வீணாகுமாம். நுனியை மடித்துவிட்டால் சுருட்டல் குறையும், எரிபொருள் மிச்சம்.

"அட, பைப்பிங்!" என்றேன். கவர் ஓரத்தில் கயிறு வைத்து மடித்த பட்டையாகப் பைப்பிங் கொடுத்துத் தைக்காவிட்டால் நுனியிலிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். ஷாலினி தன் ஆபீஸில் இதைச் சொல்லப் போவதாகச் சிரித்தாள்.

இரண்டாவது படத்தில் நுனி மடியவில்லை. அப்படியே பின்னால் சரிந்து கூராகப் போகிறது. இதுவும் அதே காற்றை ஏமாற்றும் இன்னொரு வழிதானாம். "இது இன்னும் பெரிசு. உள்ள மூணு, நாலு, மூணு. சில சமயம் கடைசி நேரத்துல விமானத்தை மாத்துவாங்க. சீட் நம்பர் மொத்தமும் கலைஞ்சிடும். கேட்டுக்குப் போனதும் முதல்ல றெக்கை நுனியைப் பாருங்க. மடியலேன்னா உடனே கவுன்டருக்குப் போங்க."

இரண்டு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, காலை 5.20. இரும்புலியூர்.

கால் டாக்ஸி, ரூ.380. முன் சீட்டைப் பின்னால் தள்ளி ஏறினேன். டிக்கியில் இரண்டு பெட்டி, தலா இருபத்து மூன்று கிலோ. பூண்டுப் பொடி, பிரசவ லேகியம், பருப்புப் பொடி, தொட்டில் துணி. தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் பால் வண்டியும் நடைப்பயிற்சிக்காரர்களுமாக இருந்தன. கடையை இரண்டு மாதம் மூட முடியாது என்பதால் எங்க வீட்டுக்காரர் வரவில்லை. பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தவர், விமான நிலைய வாசலில் பெட்டிப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். "வீல்சேராவது கேளேன்" என்றார் கடைசியாக. இது நடக்கிற கால், உட்காரத்தான் வழி இல்லை என்றேன். சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நித்யா போன் செய்திருந்தாள். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறதாம், புதன்கிழமை காலையிலேயே அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார்கள். "ஒண்ணும் அவசரம் இல்லம்மா, நீ மெதுவா வா" என்றாள். மெதுவா வருவதற்கு நான் என்ன கல்யாணத்துக்கா போகிறேன்?

காலை 7.50. புறப்பாட்டுக் கேட்.

விமானம் கண்ணாடிக்கு அப்பால் நின்றது. நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. றெக்கையைப் பார்த்தேன். நுனி மடியவில்லை. பின்னால் சரிந்து, கூராக, அழகாக நின்றது.

கவுன்டரில் ஒரே ஒரு பெண், கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். "விமானம் மாறிடுச்சா?" என்றேன்.

திடுக்கிட்டாள். "இன்னும் அனவுன்ஸ் பண்ணலையே மேம். யார் சொன்னா?"

"றெக்கை சொல்லுச்சு. என் சீட் என்ன ஆச்சு, பாரும்மா."

பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கவலைப்படாதீங்க மேம். உங்களுக்கு ஐல் சீட்டே வந்திருக்கு. 42C."

மறுபடியும் C! கம்ப்யூட்டருக்கு நடைபாதை என்றால் நடைபாதைதான், எந்தக் கால் என்று அதற்கு என்ன தெரியும்? எனக்கே தெரியவில்லையே. டாக்டர் கடிதத்தை நீட்டினேன், விளக்கினேன். அவளுக்குப் பிடிபடவில்லை. "கோவிச்சுக்காம ஒரு நிமிஷம் எழுந்து வாம்மா" என்று கூப்பிட்டு, அங்கே இருந்த நாற்காலி வரிசையின் வலது கோடியில் உட்கார வைத்தேன். விமானத்தின் மூக்கு அதோ அந்தக் காபிக்கடைப் பக்கம் என்றேன். "இப்ப இடது காலை நேரா வெளியே நீட்டு."

நீட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் பதறித் தன் காலை இழுத்துக்கொண்டார்.

"ஓ" என்றாள். பிறகு ஓடிப்போய்த் தேடினாள். பத்து நிமிஷம், இரண்டு போன். எல்லா D-யும் H-உம் நிரம்பிவிட்டன. "மேம், நாளைக்கு இதே ஃப்ளைட்ல கண்டிப்பா D போட்டுத் தர்றேன். கட்டணம் எதுவும் இல்லாம. இன்னிக்கு வேணாமே?"

நாளைக்குக் கிளம்பினால் புதன் சாயங்காலம் போய்ச் சேருவேன். காலையிலேயே அவள் ஆஸ்பத்திரிக்குள் போயிருப்பாள். "இன்னிக்கேதான் போறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பெரியவர் மறுபடியும் காலை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "42D-யும் E-யும் ஒரு கணவன் மனைவி. நானா மாத்த முடியாது மேம். உங்களை முதல்ல ஏத்தி விடறேன், நீங்களே கேட்டுப் பாருங்க. அவங்க ஒத்துக்கலேன்னா கதவு மூடறதுக்கு முன்னாடி இறங்கிடணும். உங்க பெட்டியையும் இறக்கிடுவோம்."

காலை 8.35. விமானத்துக்குள்.

வரிசைக்குப் பத்து சீட்டு. முன்னால் படுக்கை போட்ட சீமான்கள் பகுதியைத் தாண்டி, நடுப்பகுதியைத் தாண்டி, நடந்தேன், நடந்தேன், நாற்பத்திரண்டு வந்தது. டேப்பைப் போட்டேன். அகலம் பதினேழு அங்குலம். முன் சீட்டுக்கும் இதற்கும் முப்பத்தொன்று. ஒன்பது பேர் உட்கார வேண்டிய அகலத்தில் பத்துப் பேர். கவர் வெட்டுகிறவளாகச் சொல்கிறேன், துணியை இப்படி மிச்சம் பிடித்தால் எங்கள் கடையில் சண்டை வரும்.

C-யும் D-யும் ஒரே நடைபாதையின் இரண்டு கரை. எனக்குத் தேவை அந்தக் கரை. நடுவில் தூரம் ஒரு முழம் இருக்கும்.

அவர்கள் வந்தார்கள். கேளம்பாக்கத்துக்காரர்கள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், மகன் வீட்டுக்குப் போகிறார்களாம். அந்தம்மா கழுத்தில் கனமான செயின், கையில் நாலு பை. கணவர் வெள்ளைச் சட்டையும் வேர்த்த முகமுமாக, முதல் தடவை ஏறுகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. E-யில் உட்கார்ந்ததும் இரண்டு கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை: என் கால், என் மகள், நாளைக் காலை ஆஸ்பத்திரி, இந்த D இல்லையென்றால் நான் இறங்க வேண்டும்.

"இன்னாமா இது" என்றார் அந்தம்மா. "ரெண்டும் ஓரம்தானே? எனக்கு அங்க குந்தினா இன்னா, இங்க குந்தினா இன்னா. ஆனா இவரு தனியா குந்த மாட்டாரு. பயந்துகினு வர்றாரு பாரு."

"யாரு பயந்தா?" என்றார் கணவர், கைப்பிடியை விடாமல்.

பின்னால் ஆட்கள் பெட்டியோடு நெருக்கினார்கள். பணிப்பெண் என்னைப் பார்த்து உட்காரச் சொன்னாள். மறுபடியும் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தம்மா கணவரின் தோளில் தட்டிவிட்டார்.

"ஏந்திரு. நீ அந்தாண்ட ஓரத்துல குந்து. நான் இந்தம்மா பக்கத்துல E-ல குந்திக்கிறேன். கை நீட்னா எட்ற தூரம். கால் நீட்டத்தானே இடம் கேக்குது, உன் சொத்தையா எழுதிக் கேக்குது? பொண்ணு அங்க வலியில கெடக்கும்போது நீ இங்க பயந்துகினு இருப்பியா?"

மனிதர் கைப்பிடியை விட்டார். எழுந்து ஒரு முழம் தாண்டி C-யில் உட்கார்ந்தார். நான் D-யில் உட்கார்ந்தேன். அந்தம்மாவின் கையைப் பிடித்து என்னவோ சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. "அட சும்மா இரும்மா" என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

கிளம்பும்போது நடைபாதையில் கால் இருக்கக் கூடாது என்றாள் பணிப்பெண். முன் சீட்டுக்கு அடியில் சாய்வாகச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம். நடுப் பகுதியில் ஜன்னலும் கிடையாது. திரிசூலம் மலை எந்தப் பக்கம் போனது, தாம்பரம் தெரிந்ததா, எதுவும் தெரியாமலே ஊரை விட்டேன். பெல்ட் விளக்கு அணைந்ததும் காலை நீட்டினேன். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பத்தரை மணி நேரத்தில் ஒன்பது தடவை எழுந்து கடைசிச் சமையல் மூலை வரை நடந்து வந்தேன். சாப்பாட்டு வண்டியின் ஓரம் கூர்மை. பார்த்துத் தள்ள மாட்டார்கள். ஆனால் என் காலில் அது ஒரு தடவைகூடப் படவில்லை. எதிர்க்கரையில் இருந்த மனிதர் வேலை எடுத்துக்கொண்டுவிட்டார். வண்டி நாலு வரிசைக்கு அப்பால் வரும்போதே "கால்! கால்!" என்று ரயில்வே கேட் மாதிரி கையை நீட்டிவிடுவார். பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள், நான் சாவகாசமாக உள்ளே இழுப்பேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் கைப்பிடியைப் பிடிப்பதையே மறந்துவிட்டார். அந்தம்மா என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

விமானம் மாற வேண்டிய பெரிய விமான நிலையத்தில் அவர்கள் வேறு வழி போனார்கள். "பேரப் புள்ளைக்கு நல்லா எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டு" என்றார் அந்தம்மா. எனக்கு இன்னொரு குட்டி விமானம், ஒரு மணி நேரம். அதில் எங்கே உட்கார்ந்தேன் என்றுகூட நினைவில்லை.

இரவு 7.15, அங்கே இன்னும் வெளிச்சம். ஹாம்பர்க்.

வீட்டிலேயே இரு என்று நான் நூறு தடவை சொல்லியும் நித்யா விமான நிலைய வாசலுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரிய கோட்டு, அதற்குள் அடங்காத வயிறு. மாப்பிள்ளை பெட்டிகளை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். என் காலைப் பற்றித்தான் முதலில் திட்டுவாள் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். பிளேட், D, H, டாக்டர் கடிதம், எல்லாம்.

அவள் காலைப் பார்க்கவே இல்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"வர வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"சும்மா சொன்னேம்மா." முகத்தை இன்னும் புதைத்துக்கொண்டாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"தெரியும்டி" என்றேன். "அதான் வந்தேன்."

கார் நிறுத்தும் இடம் வெளியே முந்நூறு அடி தள்ளி இருந்தது. இரண்டு பேராலும் வேகமாக நடக்க முடியாது. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனோம்.